கிராபிக்ஸ் கார்டும் சென்னிமலைப் போர்வையும்

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வெற்றுடம்போடு இருக்காது. மிக்ஸிக்கு உறை உண்டு. கிரைண்டருக்கு உண்டு, வாஷிங் மெஷினுக்கு உண்டு, ஃபிரிட்ஜின் கைப்பிடிக்கு ஒரு சட்டை உண்டு. டிவி ரிமோட் வாங்கி ஒன்பது வருடமாகிறது. இன்னும் வந்த பிளாஸ்டிக் தாளுக்குள்ளேயேதான் இருக்கிறது. எந்தப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். என் ஸ்கூட்டர் இருக்கைக்கு இரண்டு உறை. மழைக்காலத்தில் அந்த மேல் உறை நனையாமலிருக்க மூன்றாவதாக ஒன்று.

இதெல்லாம் என் ஏற்பாடு. வீட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் என் மனைவி, "மெதுவா உக்காருங்க, எந்திரிக்கறதுக்குள்ள உங்களுக்கும் உறை போட்டிருவாரு" என்பாள்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எது கெட்டுப்போகும், எது தொலைந்துபோகும் என்று யோசித்தே முடி நரைத்தவன். வீட்டுக்கு ஒரு புதுச் சாமான் வந்தால் மற்றவர்கள் அதை எப்படி உபயோகிப்பது என்று பார்ப்பார்கள். அது எப்படியெல்லாம் பாழாகும் என்று நான் பார்ப்பேன். வருடத்துக்கு ஒருமுறை சென்னிமலைக்குப் போவோம். மேலே முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி இரண்டு கைத்தறிப் போர்வை வாங்குவேன். ஒன்று போர்த்திக்கொள்ள, ஒன்று வெட்டித் தைக்க. நீலத்தில் ஆரஞ்சுக் கோடு. எப்போதும் அதே கோடுதான் என்பதால் எங்கள் சமையலறை சீருடை போட்ட பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

என் மகளுக்கு இருபத்தாறு வயது. அவிநாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நல்ல வேலையில் இருந்தாள். மாதம் பிறந்தால் சம்பளம், வாசலுக்கு வரும் வேன், மதியச் சாப்பாடு, இன்சூரன்ஸ். ஒருநாள் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, வேலையை விட்டுப்போட்டனுங்க" என்றாள். செருப்பு அறுந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான்தான் உட்கார நாற்காலி தேடினேன்.

இனிமேல் வீட்டிலிருந்து சொந்தமாகத் தொழில். இயந்திரங்களுக்குள்ளே நடப்பதைக் கம்ப்யூட்டரில் அசையும் படமாகச் செய்து கொடுப்பது. நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. ஐந்தாவது மாதம் கணபதி என்கிற பகுதியில் பம்ப் செய்கிற ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது. கண்காட்சிக்கு ஒரு படம் வேண்டும். போர்வெல்லுக்குள் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று, குழிக்குள்ளேயே இறங்கிப் பார்ப்பதுபோல இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் படம் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

"இந்த ஒண்ணு சரியா வரலீன்னா பழைய ஆபீஸுக்கே போயிடறனுங்கப்பா. என்ற எடம் இன்னும் காலியாத்தான் இருக்குதாம். நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்குத் தெம்பு வந்தது. அந்த வருடம் சென்னிமலையில் நான் வேண்டிக்கொண்டதே அதுதான்: பெண் பழைய வேலைக்குத் திரும்பிப் போகணும் சாமி. வேண்டிவிட்டுக் கீழே வந்து போர்வை வாங்கினேன்.

படத்தை அவ்வப்போது துண்டு துண்டாக எனக்குக் காட்டுவாள். அதில் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆழத்தில் மோட்டார் ஓடுகிறது. அதைச் சுற்றித் தண்ணீர் வழுக்கிக்கொண்டு மேலே போகிறது. போகும்போதே சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பிறகு தண்ணீர் மட்டம் இறங்குகிறது. மோட்டாரின் உடம்பு நீலத்திலிருந்து மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் நின்றுவிடுகிறது. நான்கு முறை போடச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் அலுவலகத்தில் எல்லோருக்கும் விளக்கினேன். "மோட்டாரைச் சுத்தி எப்பவும் தண்ணி ஓடிட்டே இருக்கோணுமுங்க. அதுதான் அதுக்கு மூச்சு. மூச்சை அடைச்சா எரிஞ்சுபோகும்." சம்பளப் பிரிவு அம்மா, "சார், உங்களுக்குத் தெரியாததே இல்லீங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், துண்டுகளை முழுப் படமாக ஆக்குவதில். ஒரு நொடி அசைவுக்கே எத்தனையோ படங்களைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வரைந்து தள்ள வேண்டுமாம். அப்படி வரைவதற்கென்றே உள்ளே ஒரு தனிப் பலகை இருக்கிறது. அதுதான் கிராபிக்ஸ் கார்டு. மகளின் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கார்டுக்கு வயதாகிவிட்டது. அது வரைந்து முடிப்பதற்குள் கண்காட்சி முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவார்கள் என்றாள். புதுக் கார்டு வாங்கியே ஆக வேண்டும். விலையை இங்கே எழுதப்போவதில்லை. என் மனைவி இதைப் படிப்பாள்.

கார்டைக் கொண்டுவந்து மாட்டியவர் போத்தனூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாய். மகளின் பழைய ஆபீஸ் முழுவதுக்கும் அவர்தான் வைத்தியர். நாங்கள் இருப்பது துடியலூரில். ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, பெட்டியை பைக் டேங்கின் மேல் வைத்து, குழந்தையை அழைத்து வருவதுபோல ஒரு கையால் அணைத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தார். நான் லீவு போட்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்து அவர் அதை வெளியே எடுத்தபோது, கார்டு என்றால் ரேஷன் கார்டு அளவில் ஏதோ வரும் என்று எதிர்பார்த்திருந்த நான் திகைத்துப்போனேன்.

"ஏனுங்க, இது கார்டுங்களா? செங்கல்லாட்ட இருக்குது!"

"கார்டுதாங்ணா. பாருங்க, மூணு ஃபேன் இருக்குது."

"எங்க ஹாலுக்கே ஒரு ஃபேன்தானுங்களே!"

"உங்க ஹாலு இத்தனை வேலை செய்யறதில்லீங்ணா" என்றார் பாய்.

மகள் சிரித்தாள். கார்டின் மேல் பளபளவென்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. பாய் அதன் நுனியை நகத்தால் கிளப்பினார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"அது இருக்கட்டுமுங்களே. புதுசு."

"இருந்தா சூடாகிப்போகுமுங்ணா" என்று சொல்லி ஒரே இழுப்பில் உரித்துவிட்டார். நான் அந்தத் தாளை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சூடாகிப்போகும் என்று அவர் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது. காதோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

"நீங்க பக்கத்துல நிக்கறதா இருந்தா அந்த ஜன்னல் கம்பியை ஒருக்கா தொட்டுப்போட்டு வாங்க. உடம்புல இருக்கற கரண்ட்டு எறங்கோணும். நம்ம தொட்டாலே இதுல ஒரு சில்லு செத்துப்போகும்" என்றார்.

ஒருமுறை தொட்டால் போதும் என்றுதான் சொன்னார். ஆனால் என் உடம்பில் எவ்வளவு கரண்ட் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். விடவில்லை. அவர் பழைய கார்டைக் கழற்றி, புதுக் கார்டு அரை அங்குலம் நீளமாக இருப்பதைக் கண்டு, உள்ளே ஒரு தகர அடுக்கைத் திருகு கழற்றி எடுத்து, மறுபடி நுழைத்து முடிக்கும்வரை நான் கம்பியைப் பிடித்தபடி, தலையை மட்டும் திருப்பி அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பக்கத்து வீட்டுக்காரர் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வீடு கட்டி வந்த பெரியவர். என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, ரொம்ப நேரமா கம்பியைப் புடிச்சுட்டு நிக்கறீங்க. அம்மணி உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டாங்களா?"

"இல்லீங்க. உடம்புல கரண்ட்டு எறங்கோணுமுங்க."

அவர் அதை யோசித்தார். "நல்லதுங்க" என்றார். பிறகு, "நாளைக்கும் நாளான்னைக்கும் போர் ஓட்டறமுங்க. கொஞ்சம் சத்தமும் தூசும் இருக்கும். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயை அடுத்த மரத்துக்கு மாற்றினார்.

தூசு. எனக்குத் துளைபோடும் வண்டியின் தூசு தெரியும். பாறை மாவாகி வெள்ளையாகக் கிளம்பும். இரண்டு தெரு தாண்டித் துணி காயப்போட முடியாது. கம்பியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்திருந்தது. மூன்று விசிறியும் சுற்றின. மகளின் முகத்தில், நான் அந்தக் கண்ணாடிக் கட்டட நாட்களில் ஒருநாளும் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. "அப்பா, பழசு ஒரு படம் வரையற நேரத்துல இது பத்துப் படம் வரையுதுங்க!" என்றாள். பிறகு உடனே குரலை மாற்றினாள். "யாரும் இதைத் தொடக்கூடாது. முக்கியமா நீங்க."

தொடக்கூடாது என்றுதான் சொன்னாள். மூடக்கூடாது என்று சொல்லவில்லை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் இஞ்சு டேப் வைத்து அளவெடுத்தேன். அலமாரியிலிருந்து சென்னிமலைப் போர்வையை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை டெய்லரிடம் போனேன். அவர் அளவுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில்லை, கழுத்தில்லை. ஆருக்குங்க சார் இந்த நைட்டி?"

"கம்ப்யூட்டருக்கு. உள்பக்கம் பூரா பிளாஸ்டிக் ஷீட் வெச்சுத் தைங்க. ஒரு பொட்டுத் தூசு போகக்கூடாது."

"பின்னாடி ஒயர் வர்றதுக்கு ஓட்டை?"

"சின்னதா. ஓரத்துல."

சாயங்காலத்துக்குள் தைத்துக் கொடுத்துவிட்டார். அடியில் போர்வையின் குஞ்சத்தை வெட்டாமல் அழகுக்கு விட்டிருந்தார். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் மகளிடம் பரிசாகக் கொடுக்கலாம் என்று பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அதுவரை அவசரத்துக்கு மட்டும் உபயோகிக்கலாம் என்பது என் எண்ணம்.

அவசரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்தது. போர் வண்டி பக்கத்து வாசலில் காலை ஊன்றி நின்று, தலைக்குள் துளை போடுவதுபோல ஆரம்பித்தது. என் மனைவி ஐந்து நிமிடம் பொறுத்துவிட்டு, இரண்டு நாளைக்கு அக்கா வீட்டில் இருக்கிறேன் என்று ஜாடையால் சொல்லிக் கிளம்பிவிட்டாள். மகள் ஜன்னலையெல்லாம் சாத்தினாள். ஏதோ பொத்தானை அழுத்திவிட்டு, பம்பின் நிஜ ஓசையைப் பதிவு செய்ய வேண்டும் என்று கணபதித் தொழிற்சாலைக்குப் போனாள். நான் அன்றும் லீவு. கம்ப்யூட்டரைத் தனியாக விட மனம் வரவில்லை.

அரைமணி நேரத்தில் திரை கறுத்துவிட்டது. சரி, அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்தெல்லாம் பார்த்தேன். வெளியே பாறை உடைகிற சத்தத்தில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்தது உண்மைதான். டிவியை அணைத்தால்கூடத்தான் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது.

ஜன்னல் இடுக்கு வழியாக வெள்ளை மாவு மேஜைமேல் இறங்குவதைப் பார்த்தேன். பீரோவைத் திறந்தேன். உறை கச்சிதமாகப் பொருந்தியது. தலையிலிருந்து கால்வரை ஒரு சுருக்கம் இல்லை. டெய்லருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மகளின் ஸ்கூட்டி சத்தம் கேட்பதற்கு முன்பே, டீ நேரத்துக்குப் போர் வண்டியை நிறுத்தியபோது உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். உறை கொஞ்சம் கதகதப்பாகத்தான் இருந்தது. மதிய வெயில் என்று நினைத்தேன். மகள் உள்ளே போனவள் நேராக வெளியே வந்தாள்.

"அப்பா, கரண்ட் போச்சுங்களா?"

"இல்லையே கண்ணு."

"பின்ன எப்படி ஆஃப் ஆச்சு? நான் படத்தை வரைய விட்டுட்டுத்தானுங்க போனேன்! பாதியில நின்னுபோச்சு!"

எனக்கு அப்போதும் தோன்றவில்லை என்றால் நம்புவீர்களா? உண்மையாகவே தோன்றவில்லை. உறையை எடுத்தபோது அது ஓடவில்லை, அணைந்துதான் இருந்தது. ஆக, நான் மூடியது அணைந்த கம்ப்யூட்டரைத்தான். "போர் வண்டி ஓடுச்சு பாரு, வோல்டேஜ் எறங்கியிருக்கும்" என்றேன், மிகுந்த அக்கறையோடு. வயரிங் பழசு என்றேன். எர்த் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நானே ஒரு குடம் ஊற்றினேன்.

அவள் மறுபடி ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் ஒரு தவறும் இல்லை. பாயிடம் போனில் பேசினாள். புதுக் கார்டு நிறைய மின்சாரம் இழுக்கும், மின்சாரம் கொடுக்கிற டப்பாவுக்குச் சக்தி போதவில்லையோ என்னவோ, பெரிதாக ஒன்று தருகிறேன், நாளைக்கு வந்து எடுத்துப் போங்கள் என்றார் அவர்.

சனிக்கிழமை காலை அவள் போத்தனூர் போனாள். நேரம் வீணாகக்கூடாதென்று படத்தை மறுபடி வரையவிட்டுத்தான் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. திரை கறுத்தது, போர் வண்டி கத்தியது, மாவு பறந்தது. நான் என் கடமையைச் செய்தேன்.

மத்தியானம் வண்டி சத்தம் சட்டென்று நின்றது. தண்ணீர் வந்துவிட்டது என்று வெளியே கூச்சல். நான் உறையைக் கழற்றினேன். இந்த முறை அது கதகதப்பு இல்லை. அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் வாசனை லேசாக வந்தது. மடித்து வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன்.

கால்மணி நேரத்தில் மகள் வந்தாள். பாயும் கூடவே வந்திருந்தார், டப்பாவைத் தானே மாட்டிக் கொடுக்கிறேன் என்று. என் மனைவியும் சத்தம் நின்ற செய்தி தெரிந்து திரும்பி வந்துவிட்டாள். எல்லோரும் அறைக்குள் நுழைந்தோம். கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

பாய் பெட்டியின் பக்கத்துத் தகட்டைத் திறந்து உள்ளே கையை நீட்டினார். உடனே இழுத்துக்கொண்டார்.

"இன்னும் கொதிக்குதுங்க. இது கரண்ட்டுக் கோளாறு இல்லை. சூடு தாங்காம தன்னால அணைஞ்சிருக்குது."

"மூணு ஃபேன் இருக்குதுங்களே! நான் பக்கத்துல இருந்தா ஒண்ணும் ஆகறதில்லையே! நான் வெளிய போனாத்தான் இப்படி" என்றாள் மகள்.

சூடு. அந்தச் சொல் என் மண்டைக்குள் இறங்கி, வேட்டிகளுக்கு அடியில் போய் நின்றது. தண்ணீர் மட்டம் இறங்குவதும், நீலம் மஞ்சளாகிச் சிவப்பாவதும் வரிசையாக என் கண் முன்னால் ஓடியது. நான்கு முறை பார்த்த படம்.

பாய் சட்டைப்பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தார். விசிறிகளில் ஒன்றின் அச்சிலிருந்து எதையோ மெதுவாகச் சுற்றி எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு சாண் நூல். பாதி நீலம், பாதி ஆரஞ்சு.

அவர் அதைப் பார்த்தார். பிறகு கதவு வழியாகத் தெரிந்த சமையலறையைப் பார்த்தார். அங்கே மிக்ஸியும் கிரைண்டரும் நீலத்தில் ஆரஞ்சுக் கோடு போட்டுக்கொண்டு அருகருகே நின்றன. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏதோ நூலுங்க" என்று சொல்லி, அதைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் அதைக் கவனிக்கவில்லை. ஹாலில் போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் சோபாவின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. "கார்டே கோளாறு போல இருக்குதுங்க. இதை மாத்தி வேற வாங்கறதுக்குள்ள திங்கக்கிழமை வந்துரும். கம்பெனிக்கு போன் பண்ணி முடியலைன்னு சொல்லிடறேன்" என்றாள். கொஞ்சநேரம் கழித்து என்னைப் பார்த்து, "உங்களுக்கு நிம்மதிதானுங்கப்பா. பழைய ஆபீஸ்லயே கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

மலைமேல் நான் கேட்டது இதைத்தான். கேட்டுவிட்டுக் கீழே இறங்கி வாங்கிய போர்வையாலேயே முருகன் அதை நடத்திக் கொடுத்துவிட்டான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நூல் பாயின் பையில் இருக்கிறது. அவர் சொல்ல மாட்டார். திங்கட்கிழமை வாசலுக்கு வேன் வரும். இன்சூரன்ஸ் வரும். என் மனைவி எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒரு டம்ளர் டீ முழுவதும் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதில் சர்க்கரை போட்டிருந்தாளா என்றுகூடத் தெரியாது.

மகள் போனை எடுத்து எண்ணைத் தேடினாள். நான் எழுந்து பீரோவைத் திறந்தேன்.

உறையைக் கொண்டுவந்து டீப்பாய்மேல் வைத்தேன். மகள் அதைப் பிரித்தாள். மூலைகள், தையல், ஓரத்துச் சின்ன ஓட்டை, கீழே குஞ்சம். உள்ளே கையை விட்டு பிளாஸ்டிக்கைத் தடவினாள். ஓரிடத்தில் அது சுருங்கி உருகியிருந்தது.

"எத்தனை தடவை போட்டீங்க?"

"ரெண்டு தடவை கண்ணு. தூசு வந்துது. திரை கறுப்பா இருந்துது. அணைஞ்சிருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

"உள்ள எதுக்குங்க பிளாஸ்டிக்?"

"ஒரு பொட்டுத் தூசு போகக்கூடாதுன்னு."

"அந்த மோட்டார் சூடாகற சீனை எத்தனை தடவை பாத்தீங்க?"

"நாலு தடவை."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"வேணும்னே செஞ்சீங்களாப்பா? நான் திரும்பிப் போகோணும்னு?"

அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை உலுக்குகிறது. ஏனென்றால் கேட்டது நியாயம். "போகோணும்னு வேண்டிக்கிட்டேன் கண்ணு. மலைமேல நின்னு வேண்டிக்கிட்டேன். ஆனா இந்த உறையை அதுக்குத் தைக்கலை. திங்கக்கிழமை உனக்குப் பரிசாக் குடுக்கலாம்னு தெச்சேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு குஞ்சத்தைப் பார்த்தாள். "பரிசு" என்றாள். உதடு கோணியது. அடுத்த நொடி சிரிப்பு வெடித்தது, சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே, "ஏனுங்கப்பா, இதுக்கு ரிமோட் வெக்கப் பாக்கெட் வெக்கலீங்களா?" என்று கேட்டாள்.

பாய் பையிலிருந்து நூலை எடுத்து என் கையில் வைத்தார். "இதையும் நீங்களே வெச்சுக்கோங்ணா. கார்டு நல்ல சாதிங்க. மூடி வெச்சும் எரியாம தன்னால அணைஞ்சு உசுரைக் காப்பாத்திக்கிச்சு" என்றார். பெரிய டப்பா தேவையில்லை என்று திரும்பக் கட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "தூசுக்குத் துணி வேணும்னா ஜன்னலுக்குக் கட்டுங்க. கம்ப்யூட்டருக்கு வேண்டாம்" என்றார்.

அப்படியே செய்தோம். பக்கத்து வாசலில் குவிந்திருந்த பாறை மாவு இனி காற்றடித்தால் கிளம்பும். மகள் கத்தரிக்கோலால் உறையின் தையலைப் பிரித்தாள். பிளாஸ்டிக்கைக் குப்பையில் போட்டாள், நான் எடுக்கவில்லை. போர்வையைத் தண்ணீரில் நனைத்து ஜன்னலில் கட்டினோம். கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, அவள் பொத்தானை அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போர்வை காயக் காய அதன்மேல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. மகள் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தாள். கம்ப்யூட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். அங்கிருந்தே திரையின் மூலையில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, வாளியும் செம்புமாக உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "இன்னைக்கும் கரண்ட்டு எறக்கறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, இன்னைக்குச் சூடு எறக்கறேன்" என்றேன். அதையும் அவர் நல்லது என்றுதான் சொன்னார்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் படம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. பதினொரு மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு மகள், "இன்னொரு படம் கேக்கறாங்கப்பா" என்றாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் சிரித்தேன். கொஞ்சம் பயத்தோடுதான் சிரித்தேன், ஆனால் சிரித்தேன்.

கண்காட்சிக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பெரிய டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியும் துண்டுமாக ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். மோட்டார் சிவந்தபோது, "அட கெரகமே, இப்படித்தான் என்ற மோட்டாரும் போச்சு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொள்ள நான் டிவியின் பின்பக்கமாகப் போனேன்.

அங்கே அலங்காரத்துக்கென்று சிவப்பு வெல்வெட் துணியை டிவியின் முதுகோடு ஒட்டி, குண்டூசி குத்தி இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓர் இடுக்கு இல்லை. கையை வைத்துப் பார்த்தேன். சூடு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முதல் குண்டூசியைப் பிடுங்கினேன். இரண்டாவதைப் பிடுங்கினேன். காற்று போகிற அளவுக்குத் துணியை விலக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா! தொடாதீங்க!"